பக்கவாத்தியம் இல்லாத பியானோ

"பக்கவாத்தியமே கிடையாதா?"

நண்பர் கேட்ட முதல் கேள்வி இது. லண்டனில் வேலை பார்க்கும் மகள், அப்பா வந்து இறங்கும் வாரத்தில் ஒரு பியானோ கச்சேரிக்கு டிக்கெட் எடுத்து வைத்திருக்கிறாள். நிரலையும் போனில் அனுப்பியிருந்தாள். ஷூமனின் 'குழந்தைப் பருவக் காட்சிகள்', ஷோப்பானின் நாக்டர்ன்கள் சில, இடைவேளைக்குப் பிறகு லிஸ்டின் பி மைனர் சொனாட்டா. நண்பர் டிசம்பர் சீசனைத் தவறவிடாதவர். "ஒரே ஆள், ஒரே பெட்டி, மைக்கூட வைக்க மாட்டாங்களாம். சாகித்யம் இல்ல, தாளம் போட ஆள் இல்ல. எதைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்றது சார்?"

டீயை ஆற்றிக் கொடுத்துவிட்டுப் பேச ஆரம்பித்தேன். நியாயமான கேள்விதான். மேற்கத்திய சங்கீதத்தைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் இசையமைப்பாளரின் காதல், காசநோய், பைத்தியம் என்று கதை சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். காதில் எதைப் பிடித்துக்கொள்வது என்று சொல்வதில்லை.

பியானோவின் வயிற்றுக்குள் என்ன நடக்கிறது என்பதிலிருந்து தொடங்குவோம். கட்டையை அழுத்தினால், உள்ளே ஃபெல்ட் சுற்றிய சிறு சுத்தியல் ஒன்று எழும்பிக் கம்பியைத் தட்டுகிறது. கம்பியைத் தொடுவதற்கு ஒரு மயிரிழை முன்னாலேயே விரலுக்கும் சுத்தியலுக்கும் இருந்த பிடி விட்டுவிடுகிறது. மீதி தூரத்தைச் சுத்தியல் தன் வேகத்திலேயே கடந்து, தட்டிவிட்டு உடனே பின்வாங்கிவிடுகிறது. ஆக, வாசிப்பவர் கையில் இருப்பது இரண்டே விஷயம். எவ்வளவு வேகமாகத் தட்டுவது, எப்போது நிறுத்துவது. நடுவில் அந்தச் சுரத்தை அவரால் ஒன்றும் செய்ய முடியாது. வயலின்காரர் வில்லை அழுத்திச் சுரத்தை வளர்க்கலாம், பாடகர் மூச்சால் அதை ஊதிப் பெரிதாக்கலாம். பியானோவில் தட்டிய கணத்திலிருந்து ஒலி தேய்ந்துகொண்டேதான் போகும். கீழ் ஸ்தாயிக் கம்பிகள் கொஞ்ச நேரம் உயிரோடு இருக்கும். உச்சியில் இருப்பவை சட்டென்று அடங்கிவிடும். அதனாலேயே உச்சியில் உள்ள ஒன்றரை ஸ்தாயிக்கு ஒலியை அணைக்கும் டேம்பர்களே வைப்பதில்லை. அணைக்க அங்கே எதுவும் மிஞ்சாது.

அசைவும் கிடையாது. இரண்டு கட்டைகளுக்கு நடுவில் இருக்கும் இடம் பியானோவுக்கு எட்டாத தேசம். கமகம் என்பது அந்தப் பெட்டியில் நடக்காத காரியம்.

"அப்ப அது ஒரு தாள வாத்தியம்னு சொல்லுங்க" என்றார் நண்பர்.

அப்படித்தான் சொல்ல வேண்டும், பாதி உண்மை அது. மீதிப் பாதிதான் நீங்கள் போகிற கச்சேரி. மெண்டல்சன் 1809இல் பிறந்தார், ஷோப்பானும் ஷூமனும் 1810இல், லிஸ்ட் 1811இல். ஒரே வகுப்பில் படித்திருக்கக்கூடிய வயதுடைய இந்த நால்வருக்கும் பியானோ பாட வேண்டும் என்ற ஆசை. மெண்டல்சன் தன் சின்னப் பியானோ உருப்படிகளுக்கு 'சொற்களில்லாப் பாடல்கள்' என்றே பெயர் வைத்தார். ஷோப்பான் பெல்லினியின் ஆப்பராக்களில் மயங்கியவர், நல்ல பாடகர்களைப் போய்க் கேளுங்கள் என்று மாணவர்களை விரட்டியவர். தேய்ந்து போகிற ஒலியை வைத்துக்கொண்டு பாட்டின் நீளத்தை உண்டாக்குவது எப்படி? அதற்கு இவர்கள் கண்டுபிடித்த வழிகளைத்தான் அன்று சாயங்காலம் நீங்கள் கேட்கப் போகிறீர்கள்.

ஷோப்பானின் ஓபஸ் 9இல் இரண்டாவதாக வரும் நாக்டர்னை எடுத்துக்கொள்வோம். 1832இல் அச்சானது. நாக்டர்ன் என்ற வடிவத்தை முதலில் செய்தவர் டப்ளினில் பிறந்து ரஷ்யாவில் வாழ்ந்த ஜான் ஃபீல்ட். ஷோப்பான் அதை வாங்கி வேறு உயரத்துக்குக் கொண்டுபோனார். இந்த நாக்டர்னை நீங்கள் எங்காவது கேட்டிருப்பீர்கள், விளம்பரத்திலோ சினிமாவிலோ. வலது கையில் ஒரு மெட்டு. இடது கை ஆழத்தில் ஒரு சுரத்தைத் தொட்டுவிட்டு, மேலே ஏறி இரண்டு சுரக்கொத்துகளைத் தட்டும். மறுபடி ஆழம், மறுபடி இரண்டு. கடைசிவரை அதே நடை. கேட்பவர்கள் எல்லோரும் மெட்டின் பின்னால் போவார்கள். நீங்கள் முதலில் இடது கையைக் கேளுங்கள். அந்த ஆழ்ந்த சுரம் நீண்ட ஆயுள் உள்ளது. காலடியில் இருக்கும் மிதியை அழுத்திப் பிடித்து வைத்த அந்தக் கம்பியின் அதிர்வு, மேலே இருக்கும் மெலிந்த மெட்டுக்குத் தோள் கொடுக்கிறது. வலது கையின் சுரம் தனியாக நின்றால் தேய்வது அப்பட்டமாகத் தெரியும். கீழே ஒலி நிரம்பியிருக்கும்போது அந்தத் தேய்வைக் காது மன்னித்துவிடுகிறது.

இரண்டாவது, அந்த மெட்டு திரும்பத் திரும்ப வரும். ஒவ்வொரு முறையும் கூடுதல் பூவேலையோடு வரும். இது உங்களுக்கு நன்றாகத் தெரிந்த சமாச்சாரம், சங்கதி போடுவதுதான். முதல் முறை பல்லவி நேராக வருகிறது, அடுத்த முறை ஒரு வளைவு, அதற்கடுத்த முறை ஒரு சரசரப்பு. வித்தியாசம் என்னவென்றால், இங்கே பூவேலைக்கு வேறொரு வேலையும் உண்டு. நீண்ட சுரம் ஒன்று தேய்ந்து மறையப் போகிற இடத்தில்தான் ஷோப்பான் பொடிச் சுரங்களைக் கொட்டி நிரப்புகிறார். அழகுக்கு அழகு, ஓட்டையை அடைத்ததும் ஆயிற்று.

"எல்லாம் எழுதி வச்சதுதானே? மனோதர்மம் எங்கே?"

எழுதி வைத்ததுதான். ஆனால் இதே நாக்டர்னுக்கு ஷோப்பான் தன் மாணவர்களின் பிரதிகளில் பென்சிலால் வேறு வேறு பூவேலைகளை எழுதிக் கொடுத்திருக்கிறார். அச்சில் இருப்பதைத்தான் வாசிக்க வேண்டும் என்று அவரே நினைத்ததாகத் தெரியவில்லை. இன்றைக்கு வாசிப்பவர்கள் அச்சுக்கு அடங்கித்தான் நடக்கிறார்கள். அது பிறகு வந்த பக்தி. அவர்களுக்கு மிஞ்சிய சுதந்திரம் காலத்தில் இருக்கிறது. ரூபாட்டோ என்பார்கள். இடது கைதான் நடத்துநர், அது தாளம் தவறக் கூடாது, வலது கை அதன் மேல் சற்று முந்தலாம், சற்றுப் பிந்தலாம் என்று ஷோப்பான் சொல்லிக் கொடுத்ததாக அவருடைய மாணவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். தாளத்தைக் கையில் வைத்துக்கொண்டு பாட்டைத் தள்ளி எடுப்பது உங்கள் காதுக்குப் புதிதில்லை. என் வருத்தம், இன்று பலரும் இரண்டு கையையும் சேர்த்து இழுக்கிறார்கள். அப்போது பாட்டு வழியவில்லை, சொட்டுகிறது.

அடுத்தது மிதி. பெடல் என்றே சொல்லலாம், எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். வலது பெடலை மிதித்தால் எல்லா டேம்பர்களும் ஒன்றாக எழும்பிக்கொள்ளும். விரலை எடுத்த பிறகும் சுரம் நிற்கும். அது மட்டுமில்லை, தட்டாத கம்பிகளும் மற்றதன் அதிர்வில் தாமாகவே ஒலிக்க ஆரம்பிக்கும். பியானோ ஒரு அறையாகவே மாறிவிடும். ஆனால் பெடலை அப்படியே வைத்திருந்தால் பழைய ஒலியும் புதிய ஒலியும் குழம்பிச் சேறாகும். எனவே புதிய சுரக்கொத்தை விரல் தட்டியதும், கால் ஒரு கணம் மேலே வந்து பழையதைத் துடைத்துவிட்டு மறுபடி இறங்கும். ஒரு மாலை முழுக்க இது நடந்துகொண்டே இருக்கும். எல்லோரும் கைகளையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். வாசிப்பவரின் தரத்தைச் சொல்வது கால்தான்.

இதனால்தான் உட்காரும் இடத்தைப் பற்றி எனக்கொரு பிடிவாதம். பியானோவைப் பக்கவாட்டில் வைப்பார்கள், வாசிப்பவரின் வலது தோள் நம் பக்கம் இருக்கும், மூடி நம்மை நோக்கித் திறந்திருக்கும். முதலில் அப்படி உட்கார்ந்தவர் டூசெக் என்ற செக் கலைஞர் என்பார்கள், அழகான பக்கமுகம் உள்ளவராம். அரங்கின் இடது பக்க இருக்கைகளிலிருந்து விரல்கள் தெரியும் என்பதால் அவைதான் முதலில் விற்றுப்போகும். முதல் கச்சேரிக்குப் போகிறவர் வலது பக்கம் உட்காருவது நல்லது என்பேன். விரல் தெரியாத இடத்தில் காது வேலை செய்யும்.

இப்போது உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். ஒருவர் மட்டும் மேடையில் உட்கார்ந்து மாலை முழுவதும் வாசிப்பது அங்கேயும் ஒரு காலத்தில் கேட்டிராத துணிச்சல். 1830களில் பியானோக்காரரின் கச்சேரி என்றால் நடுவில் ஒரு பாடகி, ஒரு வயலின், முடிந்தால் ஒரு சிறு ஆர்க்கெஸ்ட்ரா என்று கதம்பமாக இருக்கும். ஷோப்பானின் கடைசிப் பாரிஸ் கச்சேரி 1848 பிப்ரவரி 16இல் பிளெயெல் அரங்கில் நடந்தது. அதிலேயே மொசார்ட்டின் மூவர் இசை, ஒரு செல்லோக்காரர், பாடகர்கள் எல்லாம் உண்டு. அவர் வாழ்நாளில் பொதுமேடை ஏறியதே முப்பது முறைக்குப் பக்கம்தான். கூட்டம் அவருக்கு ஒத்துக்கொள்ளாது.

கூட்டம் ஒத்துக்கொண்ட ஆள் ஃபிரான்ஸ் லிஸ்ட். 1837 மார்ச் 31 அன்று பாரிஸில் பெல்ஜியோஜோசோ இளவரசி தன் வீட்டில் லிஸ்டையும் தால்பெர்க் என்ற இன்னொரு நட்சத்திரத்தையும் மோதவிட்டார். இத்தாலிய அகதிகளுக்கு நிதி திரட்ட வைத்த கச்சேரி, டிக்கெட் 40 ஃபிராங்க். தால்பெர்க்கிடம் ஒரு வித்தை இருந்தது. மெட்டை நடு ஸ்தாயியில் இரண்டு கட்டைவிரல்களாலும் மாற்றி மாற்றி வாசித்துக்கொண்டே, மற்ற விரல்களால் மேலும் கீழும் அலைகளை எழுப்புவார். மூன்று கை இருப்பது போலக் கேட்கும். தேய்கிற ஒலிக்கு அதுவும் ஒரு மருந்துதான், சுற்றிலும் இடைவிடாமல் சலசலப்பு இருந்தால் நடுவில் மெட்டு நீளமாகத் தெரியும். தால்பெர்க்கின் உருப்படிகள் இன்று கேட்டால் சலிப்புத் தட்டுகின்றன. அந்த உத்தியை மட்டும் லிஸ்ட் உள்பட எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள்.

இரண்டு வருஷம் கழித்து, 1839இல், ரோமில் லிஸ்ட் யாரையும் துணைக்கு வைத்துக்கொள்ளாமல் தனியாகவே கச்சேரி செய்து பார்த்தார். அதைப் பற்றி அதே இளவரசிக்குக் கடிதம் எழுதி, அலுப்பூட்டும் இந்தத் தனிமொழிகளை என்னவென்று அழைப்பது என்று கேலியாகப் பெருமை அடித்துக்கொண்டார். பதினான்காம் லூயி பாணியில், கச்சேரி என்றால் நான்தான் என்கிற தோரணை. 1840 ஜூன் 9 அன்று லண்டனின் ஹனோவர் ஸ்குவேர் அரங்கில் அவர் வாசித்தபோதுதான் 'ரெசைட்டல்' என்ற பெயர் விளம்பரத்தில் ஏறியது. ரெசைட் என்றால் ஒப்பிப்பது, பியானோவில் என்னத்தை ஒப்பிப்பது என்று லண்டன்காரர்கள் சிரித்தார்களாம். ஓர் உருப்படி முடிந்ததும் மேடையிலிருந்து இறங்கி, நாற்காலிகளுக்கிடையே நடந்து, தெரிந்தவர்களோடு அரட்டையடித்துவிட்டு மறுபடி ஏறுவார் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். இப்போது இருமினாலே திரும்பிப் பார்க்கிறார்கள்.

லிஸ்டின் தலைமுடியையும் கையுறையையும் பற்றி ஊர் பேசியது. அந்த வெறிக்கு ஹைனே என்ற ஜெர்மன் கவிஞர் 1844இல் 'லிஸ்டோமேனியா' என்றே பெயர் வைத்தார். 1847இல், 35 வயதில், உச்சத்தில் இருந்தபோதே காசுக்கு வாசிப்பதை லிஸ்ட் நிறுத்திவிட்டார். ஆனால் நாம் இன்று உட்கார்ந்து கேட்கும் கச்சேரியின் பண்பை உண்டாக்கியவர் அவரைவிட கிளாரா ஷூமன் என்பது என் எண்ணம். அறுபது வருஷம் மேடையில் இருந்தவர். வித்தை காட்டும் ஆப்பரா கதம்பங்களை மெல்ல மெல்ல ஒதுக்கிவிட்டு பாக், பேத்தோவன், தன் கணவர் ஷூமன் என்று நிரலைக் கனமாக்கினார். புத்தகம் இல்லாமல் வாசித்தார். 1837இல் பெர்லினில் இந்தப் பதினேழு வயதுப் பெண் புத்தகத்தைப் பார்க்காமல் வாசித்ததைக் கண்டு, என்ன திமிர் என்று பெட்டினா ஃபான் ஆர்னிம் என்ற எழுத்தாளர் முகம் சுளித்தார். இப்போது புத்தகம் வைத்தால்தான் முகம் சுளிக்கிறார்கள். ரிக்டர் என்ற ரஷ்ய மேதை கடைசி வருஷங்களில் அரங்கை இருட்டாக்கி, புத்தகத்தை வைத்து, சின்ன விளக்கொன்றைப் போட்டுக்கொண்டு வாசித்தார். யாரும் குறை சொல்லவில்லை.

பெட்டியும் வளர்ந்தது. லிஸ்ட் அடித்தால் கம்பி அறுந்துவிடும், சட்டம் பெரும்பாலும் மரம். 1821இல் பாரிஸின் எரார் நிறுவனம் செய்த ஓர் அமைப்பால், கட்டை முழுதாக மேலே வராமலேயே அதே சுரத்தை மறுபடி தட்ட முடிந்தது. பிறகு வார்ப்பிரும்புச் சட்டம் வந்தது. இன்றைய ஸ்டைன்வே கச்சேரி பியானோ 274 சென்டிமீட்டர் நீளம், 480 கிலோ எடை. அதன் கம்பிகள் எல்லாம் சேர்ந்து சுமார் 20 டன் விசையோடு சட்டத்தை இழுத்துக்கொண்டிருக்கின்றன. மைக் எதற்கு?

லண்டனில் இத்தகைய கச்சேரிக்குப் பேர்போன விக்மோர் ஹாலைக் கட்டியது ஒரு ஜெர்மன் பியானோ கம்பெனி. பெக்ஸ்டைன் தன் கடைக்குப் பக்கத்திலேயே 1901இல் திறந்தது, 550 பேர் உட்காரலாம், உருளை வளைவான கூரை. முதல் உலகப் போரில் எதிரி நாட்டுச் சொத்து என்று பறித்து விற்றுவிட்டார்கள். 1917இல் தெருவின் பெயரோடு மறுபடி திறந்தது. இந்தப் பெக்ஸ்டைனுக்கும் உங்கள் நிரலுக்கும் சம்பந்தம் உண்டு. அந்தக் கம்பெனியின் முதல் கிராண்ட் பியானோவை 1857 ஜனவரியில் பெர்லினில் மேடையேற்றிய அன்று, லிஸ்டின் மாணவர் ஹான்ஸ் ஃபான் பியூலோ வாசித்ததுதான் பி மைனர் சொனாட்டாவின் முதல் பொது அரங்கேற்றம்.

அந்தச் சொனாட்டாதான் உங்களுக்குக் கஷ்டம் கொடுக்கும். அரை மணி நேரம், நடுவில் நிறுத்தமே இல்லை. ஆகவே ஒரே ஒரு கொக்கி தருகிறேன். ஆரம்பத்தில் சுரம் இறங்கி வரும், பிறகு ஒரு வெடிப்பு. உடனே அடி ஸ்தாயியில் ஒரே சுரத்தைக் கதவைத் தட்டுவதுபோல் திரும்பத் திரும்பத் தட்டும் கடுகடுப்பான ஒரு துண்டு வரும். அதை மட்டும் மனதில் முடிந்துகொள்ளுங்கள். சில நிமிடம் கழித்து ஒரு மெட்டு மிக இனிமையாக, மெதுவாகப் பாடும். அது அதே துண்டுதான், அதே திரும்பத் திரும்ப வரும் சுரம், ஆடை மாற்றியிருக்கிறது. அரை மணி நேரமும் லிஸ்ட் இப்படி நாலைந்து துண்டுகளை வைத்துக்கொண்டே வேஷம் மாற்றுகிறார். ஒருமுறை கண்டுபிடித்துவிட்டால் தொலைந்து போக மாட்டீர்கள்.

இதை 1854இல் அச்சிட்டு ஷூமனுக்குச் சமர்ப்பணம் செய்தார் லிஸ்ட். பிரதி வீட்டுக்கு வந்தபோது ஷூமன் மனநோய் விடுதியில் சேர்ந்துவிட்டிருந்தார். இளம் இசையமைப்பாளர் பிராம்ஸ் அதை வாசித்துக் காட்ட, கிளாராவுக்கு அது வெறும் இரைச்சலாகப் பட்டது. இதற்கு நன்றி வேறு சொல்ல வேண்டுமே என்று நாட்குறிப்பில் நொந்துகொண்டார். எனக்கு இரண்டும் பிடிக்கும், அந்தச் சொனாட்டாவும் கிளாராவின் எரிச்சலும்.

ஒரு எச்சரிக்கை. முடிவு சத்தமாக இருக்கும் என்று கைகளைத் தயாராக வைத்திருக்காதீர்கள். லிஸ்ட் முதலில் ஆரவாரமான முடிவைத்தான் எழுதினார், கையெழுத்துப் பிரதியில் அதை அடித்துவிட்டு அடங்கிய முடிவை எழுதினார். கைதட்டல் விஷயத்தில் விதி சுலபம்: வாசிப்பவர் கையைக் கட்டைகளிலிருந்து எடுத்து மடியில் வைக்கும்வரை பொறுங்கள். ஷூமனின் காட்சிகள் 13, நடுவில் தட்ட வேண்டாம், எல்லாம் ஒரே மூச்சு.

"குழந்தைகளுக்கு எழுதினதா?"

இல்லை. 1838இல், கிளாராவைக் கல்யாணம் செய்வதற்கு அவள் அப்பா முட்டுக்கட்டை போட்டுக்கொண்டிருந்த நாட்களில், முப்பது துண்டுகள் போல எழுதி, பொறுக்கி எடுத்துத் தொகுத்தார். பெரியவர் ஒருவர் பால்யத்தை நினைத்துப் பார்ப்பது. ஏழாவது, அதாவது சரியாக நடுவில் இருப்பது, 'ட்ராய்மெராய்', கனவு. 24 தாளச் சுற்றுகள், மூன்று நிமிடத்துக்குள் முடிந்துவிடும். சுரங்களைப் பொறுத்தவரை, சில வருஷம் கற்ற மாணவரே வாசித்துவிடலாம்.

1986 ஏப்ரல் 20 அன்று பியானோ கலைஞர் விளாடிமிர் ஹோரோவிட்ஸ் மாஸ்கோ கன்சர்வேட்டரியின் பெரிய அரங்கில் வாசித்தார். 1925இல் ரஷ்யாவை விட்டுப் போனவர், 82 வயதில் தன் சொந்த ஸ்டைன்வேயோடு வந்திருந்தார். நிரல் முடிந்து, கூட்டம் விடாமல் கேட்டதற்காக வாசித்தவற்றில் ஒன்று இந்தக் கனவு. படம் எடுத்திருக்கிறார்கள். முகம் அசையாமல் உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதரின் கன்னத்தில் கண்ணீர் இறங்குவது அதில் இருக்கிறது. அறுபத்தோரு வருஷப் பிரிவு என்பது காரணமாக இருக்கலாம். ஆனால் ஹோரோவிட்ஸ் விரலில் நடப்பதையும் கேளுங்கள். ஒரே நேரத்தில் நான்கு குரல் போகிறது, நான்குக்கும் நான்கு அழுத்தம். மேல் குரல் தேயும்போது நடுக்குரல் ஒன்று எழும்பி அதை வாங்கிக்கொள்கிறது.

மெட்டு கீழிருந்து ஏறும், உச்சியில் ஒரு சுரத்தில் நிற்கும், இறங்கும். அதே ஏற்றம் திரும்பத் திரும்ப வரும். முதலில் நிற்கும் உச்சியைக் காதில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை அதைத் தாண்டி இன்னும் மேலே ஒரு சுரத்துக்குத் தாவும். முடிவுக்குச் சற்று முன் மறுபடி அதே உயரத்துக்கு வந்து நிற்கும், ஆனால் அப்போது கீழே இருக்கும் சுரக்கொத்து வேறு. ஊருக்குக் கிளம்பும் முன் அந்த மாஸ்கோ பதிவை இரண்டு முறை போட்டுக் கேளுங்கள். முதல் முறை மேல் குரலை மட்டும், இரண்டாவது முறை நடுவில் நடப்பதை. கச்சேரியின் முதல் பாதிக்கு அது போதும்.